மடி கொடுக்காத மாமா

அவர் பெயரை நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் ஆரணியில் பாதிப் பேர் “ஓ, அவரா” என்பார்கள். மீதிப் பேர் அவரால் தங்களுக்கு நேர்ந்ததைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள், எனக்கு நேர்ந்தது அப்படியே நின்றுபோகும். என் அம்மாவுக்கு ஒரே அண்ணன் அவர். எனக்கு ஒரே தாய்மாமன். பத்து வயது வரைக்கும் நான் ஜடை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனதற்குக் காரணம் அவர்தான். ஜடை போட்டவன் ஆம்பளப் பிள்ளை என்பதைக் கவனியுங்கள். அவர் செத்து எட்டு வருஷம் ஆகிறது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஒல்லியான மனிதர். வெள்ளைச் சட்டை, மடித்துக் கட்டாத வேட்டி, சத்தமில்லாத பேச்சு. பட்டுத்தறிகளுக்குப் பாவு, அதாவது நீளவாக்கு இழை, பிணைப்பது தொழில். தறியில் ஒரு பாவு தீர்ந்ததும் புதுப் பாவின் இழைகளைப் பழைய இழைகளின் நுனியோடு ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை இருக்கும். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு காலையில் உட்கார்ந்தாரென்றால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். அவர் பிணைத்த பாவில் ஒரு இழை மாறிப் போய் அடுத்ததோடு சேர்ந்துவிட்டது என்று யாரும் குறை சொன்னதில்லை. மனிதர்களிடமும் இதே வேலையைத்தான் பார்த்தார். நீங்கள் அவருக்கு என்ன செய்தீர்களோ, அதற்கு நேரான ஒன்றைப் பொறுமையாகத் தேடிப் பிடித்துத் திருப்பிச் செய்வார். கூடவும் இருக்காது, குறையவும் இருக்காது.

பக்கத்து வீட்டுக்காரர் புதுமனை புகுவிழா வைத்தார். பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டு வந்தவன் மாமாவின் இலையை மட்டும் தாண்டிப் போய்விட்டான். வேண்டுமென்று செய்தது இல்லை, யாரோ கூப்பிட்டார்கள், திரும்பினான், மறந்தான். மாமா “இருக்கட்டும்” என்றார். அவர் கோபப்பட்டுக் கத்தி நான் பார்த்ததே கிடையாது. எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வார்த்தைதான், அதையும் புன்னகையோடு சொல்வார். இரண்டு வருஷம் கழித்துத் தன் மகள் கல்யாணத்தில் பாயச வாளியைத் தானே தூக்கிக்கொண்டு பந்திக்கு வந்தார். வரிசையாக ஊற்றிக்கொண்டே வந்து பக்கத்து வீட்டுக்காரர் இலையைத் தாண்டினார், அடுத்த இலைக்கு ஊற்றினார், போய்விட்டார். அந்த ஆள் கடைசி வரை இலையை மூடாமல் உட்கார்ந்திருந்தார். கை கழுவும் இடத்தில் மாமா அவர் தோளில் கைபோட்டு, “சாப்பாடெல்லாம் நல்லா இருந்துச்சா?” என்று கேட்டு, தன் கையாலேயே வெற்றிலை மடித்துக் கொடுத்தார். அதோடு தீர்ந்தது. அதற்குப் பிறகு இருவரும் ஆயுசுக்கும் சினேகிதர்கள்.

இப்படிப்பட்ட ஒருவரைத்தான் என் அப்பா ஆரணியை அடுத்த சேத்துப்பட்டில் விட்டுவிட்டுப் போனார்.

அப்போது எனக்கு ஒரு வயது. எங்கள் குலதெய்வம் திருச்சிக்கு அந்தப் பக்கம். முதல் முடி சாமிக்கு. அதுவரை தலையில் கத்திரி படக்கூடாது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் மொட்டை அடிக்க வேண்டும், அதே மடியில் காதும் குத்த வேண்டும். வேன் பிடித்து உறவெல்லாம் கிளம்பியிருக்கிறது. தேவிகாபுரம் தாண்டி சேத்துப்பட்டில் டீக்கு நிறுத்தியபோது மாமா எனக்கு வாழைப்பழம் வாங்க இறங்கியிருக்கிறார். எனக்குத்தான், கவனியுங்கள். அப்பா “எல்லாம் ஏறியாச்சா?” என்று கேட்க, யாரோ “ஆச்சு, ஆச்சு” என்று சொல்ல, வேன் கிளம்பிவிட்டது. செஞ்சி போன பிறகுதான் பார்த்திருக்கிறார்கள். அண்டா இருக்கிறது, ஆட்டுக்குட்டி இருக்கிறது, மாலை இருக்கிறது, மடி இல்லை. அம்மா வண்டியைத் திருப்பச் சொல்லி அழுதாளாம். அப்பா வெயில் எரிச்சலில், “பஸ்ஸுல வந்துடுவாரு, வுடு” என்றாராம்.

மாமா பஸ் ஏறினார். திருச்சிக்கு இல்லை, ஆரணிக்கு. கோயிலில் மத்தியானம் வரை காத்துப் பார்த்திருக்கிறார்கள். வேறு யாராவது மடியில் உட்கார வைக்கலாம் என்று பெரியப்பா சொன்னதற்கு, அப்பாவின் அக்கா, என் அத்தை, விடவில்லை. “தாய்மாமன் உசுரோட கீறப்ப வேற ஆளு மடியா? அந்த மனுசன் செத்துட்டாருன்னு நாமளே சொல்ற மாதிரி ஆவாது?” என்று கேட்டிருக்கிறார். முடியோடு போன நான் முடியோடு திரும்பி வந்தேன். நடந்ததையெல்லாம் அத்தைதான் மாமாவிடம் ஒன்று விடாமல் போய்ச் சொன்னார், அப்பா சொன்ன அந்த “பஸ்ஸுல வந்துடுவாரு” உட்பட. மாமா வாழைப்பழச் சீப்பை அம்மா கையில் கொடுத்துவிட்டு “இருக்கட்டும்” என்றார்.

நாலு வருஷம் இருந்தது. கூப்பிடும்போதெல்லாம் “இடுப்பு வலி”, “தறிக்காரங்க காத்துகினு கீறாங்க” என்று ஏதோ ஒன்று. முடி தோளைத் தாண்டியது. அம்மா எண்ணெய் வைத்துப் பின்ன ஆரம்பித்தாள். கடைசியில் அப்பா தட்டில் வேட்டி துண்டு, வெற்றிலை பாக்கு, பூ, பழமெல்லாம் வைத்துக்கொண்டு மாமா வீட்டு வாசலில் போய் நின்றார். “தப்புதான் மச்சான். மனசுல வெச்சுக்காதீங்க” என்றார். மாமா தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். “வேனுக்கு நானே சொல்றேன் மாப்ள. நீங்க அலைய வாணாம்” என்றார். வீடே சந்தோஷப்பட்டது. எங்களை மாதிரி ஏமாளிகள் இந்த ஜில்லாவில் இருந்திருக்க மாட்டார்கள்.

சேத்துப்பட்டு, அதே டீக்கடை. அப்பா பின்பக்கம் ஒதுங்கப் போனார். மாமா வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று ஆட்களை எண்ணினார். “எல்லாம் ஏறியாச்சு. எடுப்பா.” அம்மா கடைசி சீட்டில் என்னை மடியில் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். செஞ்சியில் அவள் போன் அடித்தது. மாமா கையை நீட்டி அதை வாங்கி, காதில் வைத்து, நிதானமாக, “பஸ்ஸுல வந்துடுங்க மாப்ள” என்று சொல்லிவிட்டு அணைத்தார். பிறகு சீட்டில் சாய்ந்துகொண்டு அப்படி ஒரு தூக்கம் தூங்கினாராம். நாலு வருஷத் தூக்கம்.

அப்பாவும் பஸ் ஏறினார். அவரும் ஆரணிக்குத்தான். வீட்டுக்குப் போனதும் போன் செய்து, “அந்தாளு மடியில என் புள்ள உக்காந்தா நான் சாமியாரா போயிடுவேன், பாத்துக்கோ” என்று அம்மாவிடம் கத்தினார். அம்மா பயந்து போய் என்னை அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். இரண்டாவது தடவையும் முடி வீட்டுக்கு வந்தது.

இதில் என்ன அக்கிரமம் என்றால், மாமாவைப் பொறுத்தவரை விஷயம் அன்றோடு முடிந்துவிட்டது. சரிக்குச் சரி. “நான் எப்பக் கூப்ட்டாலும் ரெடி. மாப்ளதான் முறுக்கிகினு கீறாரு” என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். இப்போது அப்பாவின் முறை. இவர் ஒரு ஐந்து வருஷம். இந்த இரண்டு பெரிய மனிதர்களுடைய ரோஷமும் என் தலையில் இடுப்பு வரைக்கும் வளர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.

பள்ளிக்கூடத்தில் எனக்குப் பெயர் கிடையாது, ‘ஜடை’தான். கபடியில் என்னைப் பிடிக்க யாரும் காலைத் தேட மாட்டார்கள். ஒண்ணுக்குப் போகும் இடத்தில், புதிதாகச் சேர்ந்த பையன்கள் என்னைப் பார்த்துவிட்டு ஓடுவார்கள். பேன் வந்தது. வெயில் காலத்தில் கழுத்தெல்லாம் வேர்க்குரு. அம்மா பின்னும்போது நான் அழுவேன், அவளும் அழுவாள். ராத்திரி படுக்கும்போது சாமியிடம் வேண்டிக்கொள்வேன். படிப்பு வர வேண்டும் என்றில்லை. மாமாவுக்கும் அப்பாவுக்கும் ஒரே நாளில் தலை முழுக்க முடி முளைத்து, வெட்டவே முடியாமல் போக வேண்டும் என்று.

டிரில் மாஸ்டர் ஒருநாள் பிரேயரில் எல்லோர் முன்னாலும், “ஏ பாப்பா, ரிப்பன் எங்க?” என்றார். முந்நூறு பேர் சிரித்தார்கள். இது மாமா காதுக்குப் போயிருக்கிறது. மறுவாரம் காய்கறி மார்க்கெட்டில் அந்த மாஸ்டர் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது மாமா பத்தடி தூரத்திலிருந்து கும்பிட்டு, “வணக்கம் டீச்சரம்மா, சவுக்கியங்களா?” என்றார். அதன் பிறகு எங்கே கண்டாலும் அதே கும்பிடு, அதே டீச்சரம்மா. பஸ் ஸ்டாண்டில், கோயிலில், மாஸ்டரின் சம்பந்தி வீட்டு வாசலில். ஒரு வருஷத்தில் காய்கறிக்காரப் பெண்களே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். மாஸ்டர் வீடு தேடி வந்து, “பேஜாரா போச்சுங்க, வுட்ருங்க” என்று கெஞ்சினார். “எம் மருமவன முந்நூறு பேருக்கு முன்னால சொன்னீங்க. எனக்கு இன்னும் முந்நூறு ஆவல” என்றார் மாமா. ஜடையை வைத்தது இவர். ஜடையைப் பார்த்துச் சிரித்தவனைப் பழிவாங்கியதும் இவரே. இந்த நியாயத்தை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

ஆறாம் வகுப்புக்கு ஆண்கள் பள்ளியில் சேர்க்கப் போனபோது ஹெட்மாஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “மொட்டை அடிச்சு இட்டுகினு வாங்க. இந்தக் கோலத்துல சேர்க்க மாட்டேன்” என்றார். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறது. அம்மா வீட்டுக்கு வந்து கத்திரிக்கோலை எடுத்துத் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள். அப்பாவிடமும் மாமாவிடமும் தனித்தனியாகப் போய், “ஞாயித்துக்கெழம வேன் வருது. ரெண்டு பேரும் ஏறலன்னா நான் நடுத்தெருவுல ஒக்காந்து வெட்டுவேன். சாமி கண்ணக் குத்துச்சுன்னா உங்க ரெண்டு பேர் கண்ணத்தான் குத்தும்” என்றாள். இருவரும் ஏறினார்கள்.

ஏறினார்கள், இறங்கவில்லை. சேத்துப்பட்டில் எல்லோரும் டீ குடித்தோம். அப்பா முன் சீட்டில், மாமா பின் சீட்டில், அசையவில்லை. டிரைவர் அண்ணன் ஜன்னல் வழியாக டீயை நீட்டினார். இருவருமே வேண்டாமென்றார்கள். குடித்தால் வரும், வந்தால் இறங்க வேண்டும், இறங்கினால் மற்றவர் வண்டியைக் கிளப்பிவிடுவார். செஞ்சியில் இறங்கவில்லை. விழுப்புரத்தில் சாப்பிட இறங்கவில்லை. மே மாத வெயில், ரெக்சின் சீட்டு. உளுந்தூர்பேட்டை தாண்டியதும் அப்பா காலை மாற்றி மாற்றிப் போட ஆரம்பித்தார். மாமா கண்ணை மூடிக்கொண்டு பல்லைக் கடித்திருந்தார், நெற்றியில் வியர்வை. ஒவ்வொரு வேகத்தடைக்கும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் “ம்ம்” என்றார்கள். வேனில் இருந்தவர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பெரம்பலூருக்கு முன்னால் அப்பா தோற்றார். “வண்டிய ஓரங்கட்டு.” நின்றது. ஆனால் அவர் இறங்கவில்லை. பின்னால் திரும்பி, “நீங்க மொதல்ல எறங்குங்க” என்றார்.

“நீங்க எறங்குங்க மாப்ள” என்றார் மாமா. ஐந்து வருஷத்தில் இருவரும் பேசிய முதல் பேச்சு இது.

முன் கதவு வழியாக ஒருவர், பக்கக் கதவு வழியாக ஒருவர், ஒரே நேரத்தில் காலைக் கீழே வைத்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே கருவேலம் புதர் வரை வேகமாக நடந்தார்கள். அங்கே போய் எங்களுக்கு முதுகைக் காட்டி, பத்தடி இடைவெளியில் உட்கார்ந்தார்கள். இரண்டு பேருடைய போனும் டிரைவர் பக்கத்தில் சார்ஜில் கிடந்தன. ஆரம்பித்ததைப் பாதியில் நிறுத்திவிட்டு ஓடி வரவும் முடியாது. ஒன்பது வருஷத்தில் எனக்குக் கிடைத்த ஒரே சந்தர்ப்பம்.

“அண்ணே, எடுங்க” என்றேன்.

டிரைவர் சிரித்துக்கொண்டே அம்மாவைப் பார்த்தார். அம்மா ஜன்னல் வழியாக அந்த இரண்டு முதுகுகளையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, “புள்ள சொல்றான் இல்ல. ஜல்தியா எடுப்பா” என்றாள். பின் கண்ணாடியில் மண்டி போட்டு நான் பார்த்தேன். அப்பா வேட்டியைப் பிடித்துக்கொண்டு கையை ஆட்டி ஓடி வந்தார். மாமா ஓடவில்லை. எழுந்து நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோயிலில் பூசாரி, “தாய்மாமன் எங்க?” என்றார். அத்தை வாயைத் திறப்பதற்குள் அம்மா பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, “அவரு பொறந்த வயித்துலதான் நானும் பொறந்தேன். என் மடிக்கு இன்னா கொறச்சல்? அடிங்க” என்றாள். பத்து வயதுப் பையன், நான் அவள் மடி கொள்ளாமல் காலை மடக்கி உட்கார்ந்தேன். நாவிதர் தண்ணீர் தெளித்துக் கத்தியை வைத்தார். முடி கனமாகக் கீழே விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. பின்கழுத்தில் காற்றுப் பட்டது. நான் கதறி அழுதேன். வலியால் இல்லை.

காது குத்த ஆசாரி கம்பியை எடுத்த நேரத்துக்கு ஒரு செங்கல் லாரி வந்து நின்றது. அப்பாவும் மாமாவும் இறங்கினார்கள். மாமாவின் துண்டு அப்பா தலையில் இருந்தது. அப்பா சொன்ன ஏதோ ஒன்றுக்கு மாமா தலையாட்டிக்கொண்டு வந்தார். நடுரோட்டில் அனாதையாக நின்ற இரண்டு மணி நேரத்தில் சமாதானமாகிவிட்டார்களாம். என்னை வைத்துச் சண்டை போட்டார்கள், நான் இல்லாத இடத்தில் ராசியாகிவிட்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

மாமா நேராக என்னிடம் வந்தார். மொட்டைத் தலையைத் தடவிப் பார்த்தார். “வண்டிய எடுக்கச் சொன்னது யாரு?”

“நான்தான்.”

அவர் முகம் விழும் என்று நினைத்தேன். அதற்காகத்தான் காத்திருந்தேன். அந்த முகத்தில் பெருமை பொங்கியது. “எம் மருமவன்” என்று அப்பாவைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார். வேட்டியை ஒதுக்கிக்கொண்டு வெறும் மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தொடையைத் தட்டினார். “வா. காதாவது எம் மடியில குத்தலாம்.”

நான் உட்காரவில்லை. அம்மா என் தோளைப் பிடித்து அழுத்தினாள். அத்தை திட்டினார். அப்பா கையை ஓங்கினார். நான் நின்றேன். மாமா எல்லோரையும் கையமர்த்தினார். “எத்தினி வருசத்துக்குடா?” என்று கேட்டார்.

“ஒம்பது.”

“என்னோடது நாலுதான. மீதி உங்கப்பனோடது.”

“அன்னிக்குக் கோயிலுக்கு வராம ஆரணிக்கு பஸ் ஏறி ஆரம்பிச்சது நீங்க.”

அவர் யோசித்தார். இழை இழையாக யோசித்திருப்பார். “அதுவும் சரிதான்” என்று எழுந்து வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். அன்று காது குத்தாமலேயே திரும்பினோம்.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் அந்த மாதம் வீட்டுக்கு வருவார். காப்பி குடிப்பார். “இன்னும் எத்தினி?” என்பார். “ஏழு” என்பேன். “ஆறு” என்பேன். குறைக்கச் சொல்லி ஒருமுறைகூட அவர் கேட்டதில்லை. எனக்குப் புத்தகம் வாங்கிக் கொடுத்தார், சைக்கிள் வாங்கிக் கொடுத்தார், மஞ்சள் காமாலை வந்தபோது பத்து நாள் பாயைப் போட்டு என் பக்கத்திலேயே படுத்திருந்தார். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். மடியில் மட்டும் உட்காரவில்லை.

எனக்குப் பதினேழு வயதானபோது அவருக்கு நெஞ்சில் நீர் கோத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அம்மா ஆசாரியை ஆஸ்பத்திரிக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். “காலப் புடிக்கிறேன்டா. கட்டில்ல ஒரு நிமிசம் ஒக்காரு” என்றாள். மாமா மூச்சு வாங்கிக்கொண்டே, “வுடும்மா. இன்னும் ரெண்டு இருக்குது இல்ல?” என்று என்னைப் பார்த்தார்.

“ஆமா மாமா” என்றேன்.

நாலாம் நாள் போய்விட்டார். நான் குறைத்திருந்தால் அவரே என்னை மதித்திருக்க மாட்டார் என்று அம்மாவிடம் சொன்னேன். பொய். எனக்குக் குறைக்க மனசில்லை, அவ்வளவுதான். அந்தக் கட்டிலில் அவர் கால் குச்சியாகக் கிடந்ததைப் பார்த்தபோதும் மனசில்லை. அம்மா என்னோடு சரியாகப் பேசி எட்டு வருஷம் ஆகிறது.

ஒன்பது வருஷம் முடிந்த அன்று காலையில் குளித்து, புதுச்சட்டை போட்டுக்கொண்டு பஜாரில் உள்ள ஒரு ஆசாரி கடைக்குப் போனேன். எங்களைத் தெரியாத புது ஆசாரி. பத்தொன்பது வயதில் காது குத்த வந்தவனைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை. கம்பியைத் துடைத்து வைத்துக்கொண்டு வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். “தாய்மாமன் வரலீங்களா?”

“வந்துகினு கீறாருங்க” என்று சொல்லிவிட்டு நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஆசாரி வேறு வேலையை எடுத்தார். மத்தியானம் அவர் சாப்பிடக் கடையை அடைக்கும் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு, எழுந்து வீட்டுக்கு வந்தேன்.